அம்மா நம்மை வளர்த்த விதமும் நாம் பிள்ளை வளர்க்கும் விதமும்: எங்கள் பக்கத்து அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கூடலூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பத்துக்கும் குமுளிக்கும் நடுவில் இருக்கிற கூடலூர். இங்கே விடிவதற்கு முன்னால் முதலில் கேட்பது ஜீப்பு ஹார்ன்தான். ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலை ஏறும். போடிப் பக்கத்துப் பெண்கள் போடிமெட்டு வழியாகப் போவார்கள். என் அம்மாவும் 20 வருடத்துக்கு மேல் அந்த ஜீப்பில் போனவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு நான் தபால் வழியில் உளவியல் படித்தேன், அதனால் பிள்ளையை விட வரும் அம்மாக்கள் வாசலில் நின்று ஏதாவது கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

"எங்கம்மா மாதிரி பிள்ளையத் திட்டவே கூடாதுன்னு இருந்தேன். ஆனா கோபம் வந்தா அவங்க சொன்ன அதே வார்த்தை அப்படியே வாயில வருது. ஏன்க்கா?"

வார்த்தை மட்டுமா, சில நேரம் குரலே அம்மாவுடையதாக வரும். எனக்கும் வந்திருக்கிறது.

பிள்ளை வளர்ப்பதை நாம் யாரும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம்மை வளர்த்தார்களே, அப்போதே கற்றுக்கொண்டுவிட்டோம். தமிழ் பேச எப்படிக் கற்றோமோ அப்படி, எப்போது கற்றோம் என்றே தெரியாமல். பிள்ளை அழுதால் என்ன செய்வது, பாலைக் கொட்டினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, பொய் சொன்னால் கை எங்கே போகும் என்பதெல்லாம் மூன்று நான்கு வயதிலேயே உள்ளே போய்விடுகிறது. நிதானமாக இருக்கும்போது நாம் முடிவு செய்தபடி நடக்கிறோம். ஆனால் அவசரம், பசி, தூக்கமில்லாத இரவு, வீட்டுக்காரரோடு சண்டை என்று ஏதாவது ஒன்று சேர்ந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை, முதலில் கற்றதுதான் முந்திக்கொண்டு வருகிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு 7 வயது இருக்கும்போது அம்மா மூன்று மணிக்கு எழுந்து சோறு வடித்து, தூக்குச்சட்டியில் தனக்கு எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக என்னிடம் வருவார். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். என் தலையைத் தூக்கி மடியில் வைத்து, அந்த இருட்டிலேயே தேங்காய் எண்ணெய் தொட்டு ரெட்டைச் சடை பின்னுவார். அப்பத்தாவுக்குக் கண் மங்கல், காலையில் எனக்குத் தலை சீவ வேறு ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை, சில நாள் மறுநாள் வரைக்கும்கூட, அவிழாமல் நிற்க வேண்டுமே என்று இழுத்து இறுக்கிப் பின்னுவார். நான் எழும்போது அம்மா இருக்க மாட்டார். இரண்டு பக்கக் கன்னப்பொறியும் விண்விண்ணென்று வலிக்கும், தலையணையில் எண்ணெய் வாசம் இருக்கும், ரிப்பன் பூப்போல முடிச்சுப் போட்டிருக்கும்.

என் மகளுக்கு நான் காலை எட்டு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், அவள் விழித்திருக்கும்போது பின்னிக்கொண்டிருந்தேன். நான் பிடிக்க வேண்டிய ஜீப்பு எதுவும் இல்லை. இருந்தும் அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை இழுப்பேன், அவள் நெளிந்தால் "ஆடாம நில்லு" என்று மண்டையில் சீப்பால் ஒரு தட்டு. ஒரு நாள் அவள் "உனக்கு மெதுவாப் பின்னவே தெரியாதாம்மா?" என்று கேட்டாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சடையை இவ்வளவு இறுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரிந்த சடை அது ஒன்றுதான்.

அதனால் கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, எந்த நேரத்தில் அந்த வார்த்தை வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் வரும். எங்கள் பக்கத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணிக்குள், வேலைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பும் பாத்திரமும் வீட்டுப்பாடமும் ஒன்றாக மோதும் நேரம். அந்த நேரத்தில் ஒரே ஒரு வேலையைத் தள்ளிப் போட்டாலும், யாரிடமாவது ஒப்படைத்தாலும், வார்த்தை பாதி குறையும். நல்ல எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, களைப்பும் குறைய வேண்டும்.

"எங்கம்மா தோட்டத்துக்குப் போயிட்டாங்க, அப்பத்தாதான் என்னை வளர்த்துச்சு. அம்மா பாசம் சரியாக் கிடைக்காம வளர்ந்தவ நல்ல அம்மாவா இருக்க முடியுமா?"

முடியும். இதைத் தயங்காமல் சொல்வேன்.

தாய் பிள்ளை ஒட்டுதல் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஜான் பவுல்பி என்ற இங்கிலாந்து மருத்துவர். 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையிலேயே, பிள்ளைக்குத் தாயின், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரின், தொடர்ந்த அன்பு வேண்டும் என்றுதான் சொல்கிறார். அந்த 'அல்லது' ரொம்ப முக்கியம். அப்புறம் 1964-ல் ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு பேர் கிளாஸ்கோ நகரத்தில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்வதில்லை, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டார் என்று பலரிடமும் ஒட்டிக்கொள்கின்றன. நம் ஊரில் இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. ராத்திரி பயந்தால் யார் சேலைக்குள் போய் ஒளிந்தீர்கள்? அப்பத்தா சேலை என்றால் அப்பத்தாதான் உங்களுக்கு அந்த இடத்தில் இருந்தவர். அவரிடம் வாங்கியதை நீங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அது இரண்டாம் தரம் கிடையாது.

ஆனால் ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. எங்களில் பலருக்கு வலித்தது அம்மா போனது இல்லை, சொல்லாமல் போனது. தூங்கும்போதே போய்விடுவார்கள், விழித்துப் பார்த்தால் பாய் காலியாக இருக்கும். பிள்ளை அழுமே என்று இரக்கத்தில்தான் அப்படிச் செய்தார்கள். அப்படி வளர்ந்த பெண்கள் இன்று அங்கன்வாடியில் பிள்ளையை விடும்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்து நைசாக நழுவிவிடுகிறார்கள். திரும்பிப் பார்த்த பிள்ளை வீறிட்டு அழும். மறுநாள் முந்தானையை விடாது. நான் அவர்களை வாசலில் நிறுத்தி, "சொல்லிட்டுப் போ தாயி" என்பேன். "அம்மா போயிட்டு நாலு மணிக்கு வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும், பரவாயில்லை. நாலு மணிக்கு நீங்கள் வந்து நிற்பதை ஒரு வாரம் பார்த்தால் பிள்ளைக்கு அது பழகிவிடும்.

"நமக்காக உழைச்சு உழைச்சுத் தேஞ்சவங்க அவங்க. அவங்க வளர்ப்புல குறை சொல்றது பாவம் இல்லையா?"

குறை சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லலாம். இரண்டும் ஒன்றில்லை.

"அம்மா என்னைக் கட்டிப்பிடித்ததே இல்லை" என்பது நடந்தது. "அவருக்குப் பாசம் இல்லை" என்பது நாம் அதன் மேல் ஏற்றி வைத்தது. மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, நாள் முழுக்கக் குனிந்து செடியின் தூரில் காய் எடுத்துவிட்டு, ஜீப்பில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்து, இருட்டும்போது வீட்டுக்கு வந்தவருக்குக் கட்டிப்பிடிக்கத் தெம்பு எங்கே மிச்சம் இருந்திருக்கும்? 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் இருக்க வேண்டும் என்று 1951-ம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் தினக்கூலிக்கு இன்றைக்கு ஒரு தோட்டம் நாளைக்கு ஒரு தோட்டம் என்று ஜீப்பில் போகிறவர்கள் மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறவா முடியும்? அங்கன்வாடியும் 1975-ல் இருந்து இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் கதவைத் திறப்பதற்குள் ஜீப்பு மலையில் ஏறியிருக்கும், திரும்பி வருவதற்குள் நாங்கள் பூட்டியிருப்போம். இந்த இடைவெளியைத்தான் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் மூத்த அக்காக்களும் அடைத்தார்கள். அக்கா என்றால் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைதான். இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டே வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று அம்மாவாகி, "எனக்குப் பிள்ளை வளர்த்து ஏற்கெனவே அலுத்துப்போச்சுக்கா" என்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் அதிர்ச்சியாக வேண்டாம், அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அம்மாவின் கஷ்டத்துக்குக் காரணம் தெரிந்துகொண்டால் அம்மா மேல் மரியாதை குறையாது. கூடத்தான் செய்யும். அதற்காக நமக்கு வலித்ததை இல்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது.

"பழசையெல்லாம் நான் மறந்துட்டேன். அதை எதுக்குக் கிளறணும்?"

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மறந்த வலிதான் அதிகமாகத் திரும்ப வருகிறது. செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வு நிபுணர், பிள்ளையோடு ஒட்ட முடியாமல் தவித்த அம்மாக்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்து, கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதில் அடியும் புறக்கணிப்பும் வாங்கிய எல்லோரும் அதையே தங்கள் பிள்ளைக்குச் செய்வதில்லையே, செய்பவருக்கும் செய்யாதவருக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அவர் கேள்வி. அவர் பார்த்தது இது: செய்பவர்களும் நடந்ததை மறந்திருக்கவில்லை. "எங்கம்மா என்னை அடிச்சாங்க, இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டுனாங்க" என்று வரிசையாகச் சொன்னார்கள். ஆனால் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை. அந்தப் பயமும் அழுகையும் அவமானமும் மனதில் எங்கேயோ மூடிக் கிடந்தன. வலியையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தவர்கள் பிள்ளைக்கு அதைச் செய்யவில்லை.

1980-களில் மேரி மெய்ன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்கும் நீண்ட நேர்காணல் ஒன்றை உருவாக்கினார்கள். அதை வைத்து பீட்டர் ஃபோனகி என்பவரும் அவரோடு இருந்தவர்களும் லண்டனில் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். பிள்ளை பிறந்து ஒரு வயதானதும் பார்த்தால், அம்மாவோடு அந்தப் பிள்ளை எப்படி ஒட்டியிருக்கும் என்பதை, பிறப்பதற்கு முன்பே எடுத்த நேர்காணலை வைத்து நான்கில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. 1991-ல் இது வெளிவந்தது. இதில் என்னை உலுக்கியது, அம்மாவின் சிறுவயது நல்லதா கெட்டதா என்பதை விட, அதை அவர் எப்படிச் சொல்கிறார் என்பதுதான் பெரிதாக இருந்தது. நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல், முன்னுக்குப் பின் முரணில்லாமல், தன் கதையாகச் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அம்மாவிடம் நிம்மதியாக ஒட்டின. கஷ்டப்பட்டு வளர்ந்த அம்மாக்களும் அதில் உண்டு.

எங்கள் ஊர்ப் பெண்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் வளர்த்தாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாமல், ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்காததைச் சொல்லி அழுவார்கள். அந்தத் தீபாவளியில் இருந்து தொடங்குங்கள். டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. கூடப் பிறந்தவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு அதே வீடு வேறு மாதிரி நினைவிருக்கும். நம்பிக்கையான சிநேகிதியிடம் சொல்லுங்கள். சொல்லும்போது என்ன நடந்தது என்பதோடு நிறுத்தாமல், அப்போது எனக்கு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். ரொம்பக் கொடுமையாக ஏதாவது நடந்திருந்தால், குறிப்பாக யாராவது உடம்பில் கை வைத்திருந்தால், தனியாகக் கிளற வேண்டாம். அதற்குப் படித்தவர்களின் துணை வேண்டும். 14416-க்குக் கூப்பிட்டால் டெலி மனஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

"நான் மூணாவது பொம்பளப் பிள்ளை. எனக்கே இப்ப பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. அதைத் தூக்கவே மனசு வரல. நான் கெட்டவளா?"

இல்லை தாயி. கெட்டவளாக இருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டாய்.

வெளியூர்க்காரர்கள் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தேனி, உசிலம்பட்டிப் பக்கத்தில் 'போதும்பொண்ணு' என்று பெயருள்ள பெண்கள் நிறைய உண்டு. இனி பெண் பிள்ளை வேண்டாம், இதோடு போதும் என்று வைத்த பெயர். என் சித்தி ஒருவருக்கும் அந்தப் பெயர்தான். ரேஷன் கார்டில், பள்ளிக்கூட வருகைப் பதிவில், ஊசி போடும் அட்டையில் என்று ஒவ்வொரு தடவையும் யாரோ உரக்கக் கூப்பிட, அவர் எழுந்து நிற்பார். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் அதைவிடக் கொடுமையும் நடந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனிக்கும் வந்தது. அந்தக் காலத்தில் பிழைத்து வளர்ந்த பெண் பிள்ளைகள்தான் இன்று அம்மாக்கள். நீ வேண்டாத பிள்ளை என்று யாரும் வாயால் சொல்லாவிட்டாலும், தம்பிக்கு முட்டை, உனக்குக் குழம்பு என்று தட்டில் தினமும் சொன்னார்கள்.

அப்படி வளர்ந்த ஒருத்தி பெண் பிள்ளையைக் கையில் வாங்கும்போது அந்தப் பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை. தன்னைப் பார்க்கிறாள். தனக்கு யாரும் கொடுக்காத வரவேற்பைத் தான் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிறாள், எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. மாமியார் முகமும் வீட்டுக்காரர் முகமும் சுருங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கினாலும் உனக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அது வியாதி, குணம் இல்லை. வீட்டுக்கு வரும் நர்சம்மாவிடமோ ஆஸ்பத்திரியிலோ உடனே சொல்ல வேண்டும், மருந்தும் பேச்சும் கேட்கும். சாகிற எண்ணமோ பிள்ளையை ஏதாவது செய்துவிடும் எண்ணமோ வந்தால் தனியாக இருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

அது இல்லை, தூக்கும்போது மனம் மரத்துப் போகிறது, அவ்வளவுதான் என்றால் சின்னதாகத் தொடங்கலாம். போன வருடம் ஒரு பெண்ணுக்கு நான் சொன்னது இது: எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வேலையை மட்டும் மாமியாரிடம் விடாதே, நீ செய். காலில் கிடத்தி, முகத்தைப் பார்த்து, பேசிக்கொண்டே தேய். என்ன பேசுவது என்று கேட்டாள். எதையாவது, வெயிலைப் பற்றி, ஆட்டைப் பற்றி. மூன்றாவது வாரம் வந்து, "அது என் குரலுக்குத் திரும்புதுக்கா" என்றாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது என்னையும் கூப்பிட்டார்கள். நல்ல பெயர், அழைத்தால் இனிக்கிற பெயர்.

"எனக்கு எதுவுமே கிடைக்கல. அதான் என் பிள்ளை கேட்டதெல்லாம் வாங்கித் தர்றேன். தப்பா?"

பாசம் தப்பில்லை. ஆனால் யாருக்காக வாங்குகிறோம் என்று கடையில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்காத கொலுசு உங்கள் மகளுக்கு வேண்டியதாக இருக்காது, அவளுக்கு ஒரு பந்து போதும். அம்மா செய்ததற்கு நேர் எதிராகச் செய்வதும் அம்மாவைப் பார்த்துத்தான் செய்வது, அப்போதும் எதிரில் இருக்கும் பிள்ளை கண்ணில் படுவதில்லை. அன்பும் வேண்டும், இதற்கு மேல் கூடாது என்ற வரம்பும் வேண்டும். டயானா பாம்ரிண்ட் என்பவர் 1960-களில் இருந்து இதைத்தான் சொன்னார்: இரண்டும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகள்தான் தெளிவாக வளர்ந்தன.

"அடி வாங்கித்தான் நான் ஒழுங்கா வளர்ந்தேன். அடிக்காம எப்படி?"

நீங்கள் ஒழுங்காக வளர்ந்தது அடியாலா, அடிக்கு நடுவிலும் யாரோ காட்டிய அன்பாலா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அடித்த அன்று பாடம் நினைவில் நின்றதா, பயம் நின்றதா? பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவு சொல்கிறது. வாத்தியாருக்குக் கூடாதது நமக்கு மட்டும் எப்படிக் கூடும்? இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

"பிள்ளை ஸ்கூல் விட்டு வர அஞ்சு நிமிஷம் தாமதமானா எனக்கு மூச்சு அடைக்குது. வெளியில விளையாடவே விடறதில்ல. ஏன் இப்படி இருக்கேன்?"

இதைக் கேட்டவர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை எல்லையில் பற்றி எரிந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. அம்மா, தம்பியோடு ராத்திரியில் தோட்டத்தை விட்டுக் கிளம்பி, காட்டு வழியாக நடந்து கீழே இறங்கினார்கள். அப்பா வேறு வழியாக வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், யாரிடமும் பேசவில்லை.

இதை எல்லாம் நான் கேட்டபிறகுதான் சொன்னார், அதுவும் தாமதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றாமலேயே. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஆனால் உங்கள் மகனுக்கு அந்தக் கதை தெரியாது, பயம் மட்டும்தான் தெரிகிறது. தெருவில் ஏதோ ஆபத்து இருக்கிறது, அம்மா முகம் அப்படிச் சொல்கிறது என்று அவன் எடுத்துக்கொள்கிறான். எட்டு வயதுப் பையனுக்கு, "அம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப தாத்தா வர ரொம்ப நேரமாச்சு, அதான் நீ வரலேன்னா பயந்துக்கறேன்" என்று சொன்னால் புரியும். சொன்னார். இப்போது அவன் கூட்டாளிகளோடு ஓடும்போது தெருமுனையில் நின்று ஒரு தடவை கையாட்டிவிட்டு ஓடுகிறானாம்.

"நான் கம்பம். மாமியார் வண்டிப்பெரியாறு, மலையாளம். அவங்க வளர்ப்பு வேற, எங்க வளர்ப்பு வேற. யார் சொல்றதைக் கேட்கிறது?"

பிரசவமானதும் நம் வீட்டில் காயம் என்ற மருந்து கிண்டிக் கொடுத்து, பூண்டுக் குழம்பும் கருவாடுமாகப் பத்தியம் போடுவார்கள். அங்கே அரிஷ்டமும் லேகியமும் பச்சிலை போட்ட வெந்நீரும். இரண்டிலும் அக்கறை இருக்கிறது. "மோளே" என்று அவர் கூப்பிடுவதும் "தாயி" என்று உங்கள் அம்மா கூப்பிடுவதும் பிள்ளைக்கு ஒன்றுதான், இரண்டு மொழியிலும் வளரட்டும், குழம்பாது.

சண்டை உண்மையில் மருந்தையும் பத்தியத்தையும் பற்றியது இல்லை. "என்னை வளர்த்தது தப்பா?" என்று இருவருமே உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பதில்லை, பயமுறுத்திச் சோறு ஊட்டுவதில்லை, பிறந்த ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சிலவற்றில் மட்டும் உறுதியாக இருந்துவிட்டு மற்றதை விட்டுக்கொடுங்கள். வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், அவரும் ஓர் அம்மா வளர்த்த பிள்ளைதான்.

"கத்திட்டேன். பிள்ளை பயந்துபோய் மூலையில உட்கார்ந்திருக்கு. இப்ப என்ன செய்யறது?"

போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கீழே, தரையில். "அம்மா கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். சமாதானத்துக்குப் பிஸ்கட் வேண்டாம், காரணம் சொல்லி நீட்ட வேண்டாம், "நீ அப்படிப் பண்ணதாலதான்" என்று வால் ஒட்டவும் வேண்டாம்.

பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. திட்டிய அம்மா ராத்திரி ஒரு கரண்டி குழம்பு கூட ஊற்றுவார், அதுதான் மன்னிப்பு. அதைப் புரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஐந்து வயதில் அது புரியாது, முப்பது வயதில்தான் புரிகிறது.

எட்வர்ட் ட்ரோனிக் என்பவர் அம்மா பிள்ளை விளையாடுவதைப் படம்பிடித்து, நொடி நொடியாகப் பார்த்தவர். நல்ல அம்மாக்களும் பிள்ளைகளும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒத்துப்போவதில்லை, விலகுவதும் மறுபடி சேர்வதுமாகத்தான் இருக்கிறார்கள் என்று காட்டினார். குறையே இல்லாத அம்மா பிள்ளைக்குத் தேவையில்லை, போதுமான அளவு நல்ல அம்மா போதும் என்று வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர் 1950-களிலேயே எழுதிவிட்டார். விலகியதும் போய்ச் சேர்கிறீர்களா என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

"எங்கம்மா என் பிள்ளைகிட்ட அவ்வளவு ஆசையா இருக்காங்க. என்கிட்ட அப்படி இருந்ததே இல்ல. பார்த்தா சந்தோஷமாவும் இருக்கு, வயிறும் எரியுது."

எனக்கும் எரிந்திருக்கிறது, அதனால் இந்தக் கேள்விக்கு அறிவுரையாகச் சொல்ல வரவில்லை.

அம்மா ஜீப்பை விட்டு நாலு வருடமாகிறது. முழங்கால் போய்விட்டது. இப்போது என் மகளுக்குக் காலையில் அவர்தான் தலை பின்னுகிறார். திண்ணையில் உட்கார்ந்து, அவளை முன்னால் உட்கார வைத்து, சிக்கை நுனியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நடுவில் கதை சொல்லி, அரை மணி நேரம் ஆகும். சடை தொளதொளவென்று தொங்கும், மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். மகள் அவிழ்ந்த சடையோடு வந்து, "அம்மாச்சி பின்னுனா வலிக்கவே மாட்டேங்குது" என்பாள்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "எனக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு இறுக்கிப் பின்னுன?" என்று. அம்மா சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "உனக்கு வலிச்சுச்சா? நீ முழிக்கலையே தாயி, தூங்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்" என்றார். "தெருமுக்குல ஜீப்பு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருப்பான். ரெண்டாவது சடை பின்னும்போது கை நடுங்கும்."

உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள், கோபமாக இல்லாமல், அவர் கை ஏதாவது வேலையில் இருக்கும்போது. பதில் வராமலும் போகலாம், எல்லோருக்கும் வார்த்தை இருக்காது. என் அம்மா அன்று பதில் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து, "வா, உக்காரு" என்றார். எனக்கு 34 வயது. உட்கார்ந்தேன்.